போக்கும் வரவும்

விருந்தினர் விடைபெறும் வேளையில் நம் வீட்டு வாசலில் நிகழும் ஒரு சிறு நாடகத்தை நேயர்கள் நன்கு அறிவார்கள். பட்டணத்தில் படிக்கும் பேரன் செருப்பை மாட்டிக் கொண்டு, "பாட்டி, நான் போகிறேன்" என்பான். பாட்டிக்கு உடனே முகம் மாறிவிடும். "போகிறேன் என்று சொல்லாதேடா, குழந்தை! போய் வருகிறேன் என்று சொல்லு" என்பாள். பையன் சிரித்துக் கொண்டே திருத்திச் சொல்லுவான். அப்புறந்தான் அந்த மூதாட்டிக்கு மனம் ஆறும். போதல் என்ற வினை தனியே நிற்பதைத் தமிழ் வீடு பொறுப்பதில்லை. அதற்குத் துணையாக வருதல் என்ற வினையைப் பின்னாலேயே அனுப்பி வைக்கிறது.

போவது, வருவது, கொண்டு போவது, கொண்டு வருவது ஆகியவை எந்தப் பாஷையிலும் குழந்தை முதலில் கற்கும் சொற்கள். ஆனால் இந்தச் சில்லறைச் சொற்களிலேதான் ஒரு ஜனசமூகத்தின் சரித்திரம் படிந்து கிடக்கிறது. இந்த வாரம் நேயர்களை நெடுந்தூரம் அழைத்துச் சென்று, குர்து மக்களின் மொழியில் இந்த வினைகள் எவ்வாறு நடமாடுகின்றன என்பதைக் காட்ட விரும்புகிறோம்.

குர்து மக்கள் டாரஸ், ஜாக்ரோஸ் மலைத்தொடர்களில் வாழ்கிறவர்கள். அவர்களுடைய தொகை மூன்று கோடிக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பு. எனினும் அவர்களுக்கென்று தனி ராஜ்யம் கிடையாது. துருக்கி, ஈரான், இராக், சிரியா என்ற நான்கு தேசங்களின் எல்லைகள் அவர்களுடைய மலைகளின் குறுக்கே ஓடுகின்றன. முதல் மகாயுத்தத்துக்குப் பின் 1920-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஸெவ்ர் உடன்படிக்கையில் அவர்களுக்குச் சுயாட்சி பற்றிய வாக்கு இருந்தது. 1923-ஆம் ஆண்டின் லோஸான் உடன்படிக்கையில் அந்தப் பேச்சே இல்லை. அவர்களுடைய பாஷையிலும் பல கிளைகள் உண்டு. வடக்கே பெரும்பாலோர் பேசுவது குர்மாஞ்சி; தெற்கே இராக்கிலும் ஈரானிலும் பலர் பேசுவது ஸோரானி.

பாஷை நூலார் குர்து மொழியைப் பாரசீகத்தோடு சேர்த்து இரானியக் கிளையில் வைப்பார்கள். ஆகவே அது ஸம்ஸ்கிருதத்துக்கும் தூரத்து உறவு. இந்த உறவுக்குப் போதல் என்ற வினையே சாட்சி சொல்லும். குர்து மொழியில் போதலுக்குச் 'ச்சூன்' என்று பெயர். இதன் வேர், ஸம்ஸ்கிருதத்தில் 'ச்யு' என்ற தாதுவாக நிற்பதுதான். நகர்தல், இடம் பெயர்தல் என்பது அதன் பொருள். அந்தத் தாதுவின் எதிர்மறையை நாம் தினந்தோறும் உச்சரிக்கிறோம்: நிலை பெயராதவன் 'அச்யுதன்', தமிழில் அச்சுதன். பாரசீகத்தில் இதே வேர் 'ஆதல்' என்று பொருள் மாறிவிட்டது. போவதற்குப் பாரசீகர் வேறு சொல்லைத் தேடிக் கொண்டார்கள். குர்து மலைவாசிகளோ பழைய பொருளையே இன்றளவும் காத்து வருகிறார்கள். கொண்டு போதலுக்கு அவர்கள் சொல்லும் 'பிரின்' என்பது நம் 'பாரம்' என்ற சொல்லுக்கு உறவு. கொண்டு வருதலைக் குறிக்கும் 'ஆனீன்' என்பதில் உள்ள வேர், 'நாயகன்' என்ற சொல்லில் உள்ள 'நீ' என்ற தாதுவே.

இனி வாக்கியத்துக்கு வருவோம். குர்து மொழியில் தமிழைப் போலவே வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் நிற்கும். 'வீட்டில் வேலை செய்கிறேன்' என்பதற்கு அவர்களும் வீட்டை முன்னே வைத்து வினையைப் பின்னே வைப்பார்கள். ஆனால் 'வீட்டுக்குப் போகிறேன்' என்று சொல்ல நேரும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. 'எஸ் திச்சிம் மாலே' என்கிறார்கள். 'எஸ்' என்றால் நான். 'திச்சிம்' என்றால் போகிறேன். 'மாலே' என்றால் வீட்டுக்கு. சேருமிடம் வினையைத் தாண்டிக் கடைசியில் போய் உட்காருகிறது. இருக்குமிடம் வினைக்கு முன். சேருமிடம் வினைக்குப் பின். இதுவே பொது விதி. 'கடைத்தெருவுக்குப் போனேன்' என்பது 'எஸ் ச்சூம் பாஸாரே'. 'பாஸார்' நமக்குப் பழகிய சொல்தான். ஸோரானியில் இன்னும் ஒரு படி மேலே போய், வினையின் வாலிலேயே ஒரு 'எ'கரத்தை ஒட்டி, 'ச்சூமெ பாஸார்' என்பார்கள். அந்தச் சிறு எகரம் கைகாட்டி மரத்தைப் போல, இனி வரப்போவது சேருமிடம் என்று சுட்டிக் காட்டுகிறது.

இந்த வாக்கியத்தை ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, தமிழில் இப்படிச் சொல்லலாமா என்று மாணவர்களைக் கேட்டோம். எல்லாரும் "கூடாது" என்று ஒரே குரலில் சொன்னார்கள். கடைசிப் பெஞ்சில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து, "ஸார், மணி அடித்ததும் நாங்கள் அப்படித்தானே சொல்லுகிறோம்? போறேன் வீட்டுக்கு என்று!" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. ஆனால் பையன் சொன்னது மெய்தான். நாம் அவசரத்தில் பேச்சு வழக்காகச் செய்வதைக் குர்து மொழி இலக்கணமாகவே வைத்துக் கொண்டிருக்கிறது. முதலில் நடப்பவன், பிறகு நடை, கடைசியில் ஊர். வழியில் கால் எந்த வரிசையில் செல்லுகிறதோ அதே வரிசையில் வாக்கும் செல்லுகிறது.

ஏவல் வினைகளைக் கவனித்தால் இன்னும் சுவை உண்டு. 'போ' என்பதற்கு 'ஹெரெ'. 'வா' என்பதற்கு 'வெரெ'. முதல் எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. வருதலின் பெயர் 'ஹாத்தின்', 'வந்தேன்' என்றால் 'ஹாத்திம்', ஆனால் 'வருகிறேன்' என்றால் 'தேம்', ஏவலிலோ 'வெரெ'. ஒரே வினைக்கு மூன்று வெவ்வேறு உருவங்கள்! ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் 'கோ' எப்படி 'வெண்ட்' ஆயிற்று என்று திகைப்பதில்லையா? அதைப் போன்ற திகைப்புத்தான் இதுவும். அடிக்கடி கையாளும் சொற்களிலேதான் இத்தகைய பழைய உருவங்கள் உயிரோடு இருக்கும். தினமும் வாயில் புரளுகிற சொல்லை எந்த விதியாலும் எளிதில் திருத்த முடிவதில்லை.

ஏறுதல், இறங்குதல், நுழைதல், வெளியேறுதல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தனிச்சொல்லைத் தேடாமல், 'கெத்தின்' என்ற ஒரே வினையின் முன்னால் சிறு சிறு அடைகளைச் சேர்த்துக் குர்மாஞ்சிக்காரர்கள் காரியத்தை முடித்துக் கொள்ளுகிறார்கள். 'கெத்தின்' என்றால் விழுதல். 'தெர்' என்பது வெளி. 'தெர்கெத்தின்' என்றால் வெளியேறுதல். 'தாகெத்தின்' இறங்குதல், 'தேகெத்தின்' உள்ளே புகுதல். 'ஸெர்' என்றால் தலை அல்லது மேல்; 'ஸெர்கெத்தின்' என்றால் மேலே ஏறுதல். வெற்றி பெறுதலுக்கும் இதுவே சொல். பயணம் தொடங்குவதற்கு 'பி ரே கெத்தின்', அதாவது வழியில் விழுதல், என்பார்கள்.

வெளியே விழுவது எப்படிப் புறப்படுவதாகும் என்று நேயர்கள் நகைக்க வேண்டாம். நாம் இப்போது எழுதிய 'புறப்படுதல்' என்ற சொல்லையே சற்று உடைத்துப் பாருங்கள். புறம் என்றால் வெளி. 'படு' என்றால் பழந்தமிழில் விழுதல். ஞாயிறு பட்டது என்றும், மழை பட்டது என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். ஆகவே நம் 'புறப்படுதல்' அட்சரம் பிசகாமல் குர்து மொழியின் 'தெர்கெத்தின்'தான்! இரண்டு பாஷைகளுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது; ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கியதும் அல்ல. மனித மனம் மலைநாட்டில் கண்ட அதே வழியைச் சமவெளியிலும் தானாகவே கண்டிருக்கிறது.

திசைகளின் பெயரிலும் இந்த இயக்கம் புகுந்திருக்கிறது. நம்முடைய கிழக்கும் மேற்கும் கீழ், மேல் என்ற சொற்களிலிருந்து வந்தவை. நிலத்தின் சரிவைப் பார்த்து இட்ட பெயர்கள். குர்து மக்கள் வானத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். 'ரோஜ்' என்றால் ஞாயிறு. 'ஹிலாத்' என்றால் மேலெழுந்தது. கிழக்குக்கு 'ரோஜ்ஹிலாத்', ஞாயிறு மறையும் மேற்குக்கு 'ரோஜாவா'. சிரியாவின் வடபகுதியைப் பற்றிய செய்திகளில் 'ரோஜாவா' என்ற பெயரை நேயர்கள் படித்திருக்கலாம். மேலைக் குர்திஸ்தானம் என்பதே அதன் பொருள். காலத்தையும் அவர்கள் நம்மைப் போலவே நடக்க விடுகிறார்கள். சென்ற ஆண்டு 'போன ஆண்டு'. அடுத்த ஆண்டு 'வரும் ஆண்டு'.

கொண்டு போதலும் கொண்டு வருதலும் மேலே சொன்ன இரண்டோடு சேர்ந்து ஒரு நான்காகின்றன. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு சொற்களை எடுத்துக் கொண்டு, வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று வகுத்ததைத் தமிழ் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேசுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதை வைத்தே வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்த விதியின் உட்கருத்து. குர்து மொழியும் ச்சூன், ஹாத்தின், பிரின், ஆனீன் என்ற நான்கையும் பேசுகிறவனுடைய இடத்தைச் சுற்றியே நிறுத்துகிறது.

ஆனால் இறந்தகாலத்தில் குர்மாஞ்சி ஒரு விசித்திரமான நியாயம் வழங்குகிறது. தானாக நடந்து வந்தவன் 'எஸ் ஹாத்திம்' என்று தன்னை எழுவாயாக வைத்து முழு உரிமையோடு சொல்லலாம். 'நீ வந்தாய்' என்பது 'து ஹாத்தீ'. ஆனால் 'நான் உன்னை வீட்டுக்குக் கொண்டு போனேன்' என்று சொல்ல வேண்டுமானால், 'மின் து பிரீ மாலே' என்று வரும். இங்கே 'எஸ்' மறைந்து 'மின்' என்ற வேற்றுமை உருவம் வந்துவிடுகிறது. வினையின் ஈற்றில் உள்ள 'ஈ'யோ, 'து ஹாத்தீ' என்பதில் கண்ட அதே 'ஈ', முன்னிலைக்கு உரியது. கொண்டு போனவனுக்கு வினை கட்டுப்படவில்லை. கொண்டு போகப்பட்டவனுக்கே கட்டுப்படுகிறது! ஹிந்தி வகுப்பில் 'நே' என்ற உருபோடு மல்லுக்கு நின்ற நேயர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் இறந்தகாலத்தில் செய்தவனை விட்டுச் செயப்படுபொருளின் பின்னே வினை செல்லுவதை அவர்கள் கண்டிருப்பார்கள்.

செயப்பாட்டு வினையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழில் 'கொல்லப்பட்டான்' என்கிறோம்; விழுதலைக் குறித்த அதே 'படு' இங்கே துணைவினை. ஹிந்தியில் 'மாரா கயா' என்பார்கள், போதல் துணைவினை. குர்மாஞ்சியில் 'ஹாத் குஷ்தின்' என்பார்கள். 'குஷ்தின்' கொல்லுதல், 'ஹாத்' வந்தது. 'சொல்லப்படுகிறது' என்பது 'தே கோத்தின்', சொல்லுதல் வருகிறது. நாம் துன்பத்தில் விழுகிறோம். ஹிந்திக்காரர் அதற்குள் போகிறார். குர்து மகனுக்கோ அது வந்து சேருகிறது.

அவனுக்கு வந்து சேர்ந்தவை கொஞ்சமல்ல. துருக்கியில் 1924-ஆம் ஆண்டிலேயே குர்து மொழிப் பள்ளிகளும் பத்திரிகைகளும் தடுக்கப்பட்டன. 1928-ஆம் ஆண்டில் துருக்கி மொழிக்கு வகுத்த புதிய லத்தீன் நெடுங்கணக்கில் கியூ, டபிள்யூ, எக்ஸ் என்ற மூன்று எழுத்துக்கள் இடம்பெறவில்லை. துருக்கி மொழிக்கு அவை வேண்டுவதில்லை. குர்து மொழிக்கோ அவை இன்றியமையாதவை. ஜெலாதெத் அலி பெதிர்கான் என்ற குர்து அறிஞர் சிரியாவுக்குச் சென்று, டமாஸ்கஸ் நகரில் 1932-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி 'ஹாவார்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஹாவார் என்றால் உதவி கோரும் கூக்குரல். அந்தப் பத்திரிகையிலேதான் அவர் குர்மாஞ்சிக்கு ஏற்ற லத்தீன் நெடுங்கணக்கை வெளியிட்டார். பாஷையின் இலக்கணத்தையும் பகுதி பகுதியாக எழுதினார். 1943-க்குள் 57 இதழ்கள் வெளிவந்தன. மே 15-ஆம் தேதியைக் குர்து மக்கள் இன்றும் தங்கள் மொழித் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். இதற்கிடையே 1930-ஆம் ஆண்டில் சோவியத் ஆர்மீனியாவின் எரிவான் நகரில் மற்றொரு குர்து பத்திரிகை பிறந்தது. அதன் பெயர் 'ரியா தெஸெ', புதிய வழி. வழியும் நடையும் இவர்களுடைய பேச்சை விட்டு விலகுவதே இல்லை.

துருக்கியில் 1983-ஆம் ஆண்டில் வந்த 2932-ஆம் எண் சட்டம் குர்து மொழியில் கருத்துக்களை வெளியிடுவதையும் பரப்புவதையும் தடுத்தது. 1991-ஆம் ஆண்டில் அந்தச் சட்டம் நீங்கியது. ஆயினும் அந்த மூன்று எழுத்துக்களின் தொல்லை தீரவில்லை. பிறப்புப் பதிவில் அவை கொண்ட பெயர்களை ஏற்க மறுத்தார்கள். புத்தாண்டுத் திருவிழாவான நெவ்ரோஸின் பெயரை டபிள்யூ எழுத்தோடு அச்சிட்டதற்காக வழக்குகளும் நடந்தன. 2012 முதல் அரசாங்கப் பள்ளிகளில் குர்து மொழி விருப்பப் பாடமாயிற்று. 2013-ஆம் ஆண்டில் அறிவித்த சீர்திருத்தங்களிலேதான் அந்த எழுத்துக்களின் மீதிருந்த தடையை எடுப்பதாகச் சொன்னார்கள். இராக்கில் நிலைமை வேறு. அங்கே 2005-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் குர்து மொழியை அரபிக்கு அருகே ஆட்சி மொழியாக வைத்திருக்கிறது.

நேயர்கள் சற்று முன் படித்த ஏவல் வினையை நினைவு கூர்க. 'வா' என்று பொருள்படும் 'வெரெ' என்ற சொல்லின் முதலெழுத்து, அந்த நெடுங்கணக்கில் டபிள்யூ. தாய் தன் குழந்தையை அழைக்கும் சொல்லை எழுத, சர்க்கார் ஒப்புக் கொள்ளாத ஓர் எழுத்து வேண்டியிருந்தது! நாள்தோறும் வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் நமக்கு, இதைவிட மனத்தை உறுத்தும் செய்தி வேறில்லை. தாய்மொழியில் பாடம் கேட்கும் பாக்கியத்தை நாம் காற்றையும் வெயிலையும் போலக் கருதிவிட்டோம்.

குர்து மக்களில் பலர் முற்காலத்தில் ஆடு மாடுகளுடன் இடம் பெயர்ந்து வாழ்ந்தவர்கள். குளிர் காலத்தில் வெப்பமான தாழ்நிலமாகிய 'கெர்மியான்'. கோடையில் மலைமேல் உள்ள மேய்ச்சல் நிலமாகிய 'ஸோஸான்'. இந்தப் பெயர்ச்சிக்குக் 'கோச்' என்று பெயர். ஸோரானி பேசுவோர் ஒருவருடைய மரணத்தை அறிவிக்கும்போது, அவர் 'இறுதிக் கோச்' செய்தார் என்றே எழுதுவார்கள். ஆண்டுதோறும் மலையேறிய மனிதர், இந்த முறை திரும்பி இறங்க மாட்டார் என்பது அதன் கருத்து.

ஆனால் விரும்பிச் செய்யும் கோச் வேறு. துரத்தப்பட்டுச் செய்வது வேறு. 1988-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி இராக்கிய விமானங்கள் ஹலப்ஜா நகரின் மீது விஷ வாயுக் குண்டுகளை வீசின. ஏறத்தாழ 5,000 பேர் மாண்டார்கள். அதே ஆண்டில் 'அன்பால்' என்ற பெயரால் நடந்த இராணுவ நடவடிக்கைகளில் கெர்மியான் பிரதேசத்துக் கிராமங்கள் பாழாயின. 1991-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கிளர்ச்சி முறியடிக்கப்பட்டதும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பனி மூடிய மலைகளைக் கடந்து துருக்கி, ஈரான் எல்லைகளை நோக்கி ஓடினார்கள். குழந்தைகளும் முதியவர்களும் வழியிலேயே மடிந்தார்கள். பின்னர் வடக்கே ஒரு பாதுகாப்புப் பிரதேசம் ஏற்பட்ட பிறகு, பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

திரும்பி வருதலுக்கு ஸோரானியில் உள்ள இலக்கணம் மிக எளிது. எந்த வினைக்கும் பின்னால் 'எவெ' என்ற ஒட்டைச் சேர்த்தால், மறுபடியும் அல்லது பழைய இடத்துக்கு என்ற பொருள் கிடைக்கும். 'ஹாத்தின்' வருதல்; 'ஹாத்தினெவெ' திரும்பி வருதல். 'ச்சூன்' போதல், 'ச்சூனெவெ' திரும்பிப் போதல். 'கெரான்' என்றால் சுற்றுதல், அலைதல். 'கெரானெவெ' என்றால் அலைந்தவன் திரும்புதல். இந்தக் கடைசி வினையின் முதலெழுத்தை நீட்டிப் பிறவினையாக்கினால் 'கேரானெவெ' ஆகும். திருப்பித் தருதல் என்பது அதன் நேர்ப்பொருள். மற்றொரு பொருளும் அதற்கு உண்டு: கதை சொல்லுதல், நடந்ததை எடுத்துரைத்தல்.

திரும்புதலும் எடுத்துரைத்தலும் ஒரே வேரில் இருப்பதற்கு நாம் அலங்காரமாக ஏதும் வியாக்கியானம் செய்யத் தேவையில்லை. ஊரை இழந்தவர்களில் எல்லாரும் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. திரும்பாதவர்களை, இருப்பவர்கள் சொல்லின் வழியாகத்தான் திருப்பிக் கொண்டு வர முடியும். அதற்குச் சொல் வேண்டும். சொல்லை எழுத எழுத்து வேண்டும். எழுத்தைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். டமாஸ்கஸ் நகரில் ஒரு மனிதர் வினைச்சொற்களை வரிசைப்படுத்தி இலக்கணம் எழுதிக் கொண்டிருந்தது வெறும் பண்டித விளையாட்டு அன்று.

குர்து வீட்டுக்குப் போகிறவர்களை, 'பி ஹேர் ஹாத்தீ', அதாவது நன்மையோடு வந்தாய், என்று சொல்லி வரவேற்பார்கள். வாசலில் நிற்கும் நம் பாட்டிமார்களுக்கு இந்த உபசாரத்தின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வீட்டுக் குழந்தைகள் படிதாண்டும்போது, "போய் வருகிறேன்" என்று அவர்கள் சொல்லுவதைச் சற்று நின்று கேளுங்கள். சொன்னபடி திரும்பி வர அவர்களுக்கு ஒரு வீடும் ஒரு தெருவும் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அவற்றைக் காத்து வைப்பது பெரியவர்களாகிய நம்முடைய கடன்.